ஒரு சாண் குறைந்த பீப்பாய்

லெசியெலி: மத்த அஞ்சும் கழுத்து வரைக்கும் இருக்கு மாமா. ஆறாவது மட்டும் ஒரு சாண் குறையுது.

செமிசி: எலி குடிச்சிருக்கும்.

லெசியெலி: மூடி முறுக்கின பீப்பாய்லயா?

செமிசி: நம்ம டோங்கா தீவு எலிம்மா... படிச்ச எலி.

லெசியெலி: மாமா!

செமிசி: சரி சரி, முறைக்காதே. அப்படியே உங்கம்மா முறைக்கிற மாதிரியே இருக்கு. முப்பது வருஷமா இந்த மின்நிலைய ஸ்டோர் சாவி என் இடுப்புல. பழைய டிரான்ஸ்பார்மர்ல வடிச்ச எண்ணெய், மூலையில கிடந்தது. ஒரு அதிகாரி எட்டிப் பாத்ததில்லை. இப்ப பத்து நாட்டுக்காரன் சேந்து காசு போட்டு, கப்பல் விட்டு...

லெசியெலி: விஷம், தோல் வழியா ஏறினா வருஷக்கணக்கா உடம்புல தங்கும்னு இப்பதானே நமக்குச் சொன்னாங்க. வெள்ளிக்கிழமை கப்பல். ஆஸ்திரேலியாவுல உலையில போட்டு எரிச்சிடுவாங்க. அதுக்குள்ள நான் இந்தப் படிவத்தை முடிச்சுக் குடுக்கணும்.

செமிசி: கொட்டிப் போச்சுன்னு எழுதேன்.

லெசியெலி: எங்க கொட்டுச்சு? இடத்தைக் காட்டணும். மண்ணைத் தோண்டி அதையும் ஏத்துவாங்க.

செமிசி: தோண்டட்டும். நம்ம வீட்டுக் காசா?

லெசியெலி: சும்மா மண்ணைத் தோண்டிட்டு, நிஜமா தொட்டவங்களை விட்டுடவா? படிவத்துல இங்க பாருங்க. "யாராவது உடம்புல பூசினாங்களா?" ஆமான்னா, அவங்களுக்கு ரத்தம் பாக்கற செலவும் அந்தக் காசுலதான். இல்லேன்னு எழுதிட்டா அதோட கதவை அடைச்சிடுவாங்க.

செமிசி: இல்லேன்னே எழுது.

லெசியெலி: யோசிக்காமலே சொல்றீங்க...

செமிசி: வேகவெச்ச மரவள்ளி இருக்கு, ஒரு துண்டு எடுத்துக்கோ. வெறும் வயித்தோட வந்திருப்பே.

லெசியெலி: பேச்சை மாத்தாதீங்க. அம்மா போய் ஏழு மாசம்கூட...

செமிசி: அவளை ஏன் இழுக்கறே?

லெசியெலி: சின்ன வயசுல உங்க ரேடியோவைக் கேட்டேனே, ஞாபகம் இருக்கா?

செமிசி: கேட்டியா? தூக்கிட்டே போயிட்டே! என் பொண்டாட்டி ரெண்டு நாள் என்கூடப் பேசலை. நான் என்ன செய்ய? அக்கா மகள் கேட்டா, கொழுத்த பன்னியா இருந்தாலும் கயித்தை அவுத்துக் கையில குடுக்கணும். இல்லேன்னு சொல்ல மாமனுக்கு வாய் கிடையாது. நம்ம ஊர் முறை.

லெசியெலி: இப்ப கேக்கறேன் மாமா. உண்மையைக் குடுங்க.

செமிசி: ...அடிப்பாவி.

லெசியெலி: கேட்டுட்டேன்.

செமிசி: அக்காவால சம்மணம் போட முடியலை. மரப்பட்டையைத் தட்டித் துணி செய்யறப்ப எல்லாப் பொம்பளைங்களும் பாய்ல வரிசையா உக்காந்திருக்க, இவ மட்டும் ஓரமா நாற்காலியில. அழுதுட்டா. "தம்பி, ஏதாவது செய்டா"ன்னா. இந்த எண்ணெயை இங்க வேலை செய்யற நாங்க எல்லாரும் முட்டியில பூசுவோம். சூடேறும், வலி ஓடிடும். தேங்காய் எண்ணெயில கலந்து, வாசனைக்குப் பூ போட்டு, பாட்டில் பாட்டிலா... நாலு வருஷம். நானும்தான் பூசினேன். நான் கல்லு மாதிரி நிக்கறேன், அவ மண்ணுக்குள்ள கிடக்கறா.

லெசியெலி: அதனாலதான் ஈரல் கெட்டுதுன்னு டாக்டரே சொல்லலை.

செமிசி: அதனால இல்லேன்னும் சொல்லலையே! நீ ஆமான்னு எழுதினா, நாளைக்கு சர்ச்சுல எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உக்காருவேன்? அக்காவைக் கொன்னவன்னு... செத்தவளுக்கா ரத்தம் பாக்கப் போறாங்க? அவளோட போகட்டும் லெசி. இல்லேன்னு எழுதிடு, தங்கம்.

லெசியெலி: நேத்து அந்தப் பீப்பாய் மூடியைத் திறந்ததுமே அம்மா பூசின எண்ணெய் வாடைன்னு தெரிஞ்சுது மாமா. கடைசிப் பாட்டில் இன்னும் வீட்டுல இருக்கே.

செமிசி: தெரிஞ்சுமா இவ்வளவு நேரம்... அப்புறம் என்னை ஏன்டி கேக்கறே?

லெசியெலி: கையெழுத்து ஸ்டோர்க்காரர்தானே போடணும். அம்மாவாலதான் குனிய முடியலையே மாமா. தினமும் முட்டியில தேய்ச்சு விட்டது இந்த ரெண்டு கையும்தான்... எனக்கு இப்ப மூணாம் மாசம்.