கூடு மட்டும் ஆஸ்பத்திரியுடையது

சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள் மேடம். சாப்பாட்டில் இருக்கிற இரும்புச் சத்து உடம்பில் ஒட்டாமல் போய்விடும். கொஞ்ச நேரம் பொறுத்துக் குடியுங்கள். போலீஸ் ஸ்டேஷன் வேலையில் நேரத்துக்குச் சாப்பிடுவதே பெரிய பாடு என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது.

தெருவில் என்னைப் பொடிக்காரம்மா என்பார்கள். காய்கறியைக் காயவைத்துப் பொடி செய்து விற்கிறேன். வீட்டின் பின்னறையில் வலைத்தட்டில் பரப்பிக் காயப்போட்டு, மிக்ஸியில் அரைத்து, மெல்லிய துணியில் சலிப்பேன். நாக்கில் பொடி பட்டாலே முகத்தைச் சுளிக்கிறவர்களுக்காக வெறும் கேப்ஸ்யூல் கூடுகளை வாங்கி, ஓட்டை போட்ட பலகையில் வரிசையாக நிறுத்தி, நிரப்பி மூடிக் கொடுப்பேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன்.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். பாதி நாள் வெளியூரில் இருப்பார். மகள் மாசமானதும் என் வீட்டில் கொண்டுவந்து விட்டார். "அத்தை பொடியைத் தின்னா லிஃப்டே வேணாம். நானே ஆளைத் தூக்கிட்டு மாடி ஏறிடுவேன்" என்று கிண்டல் செய்வார். மகளும் சேர்ந்து சிரிப்பாள். நானும் சிரித்து வைப்பேன்.

ரத்தம் குறைவு என்று டாக்டரம்மா இரும்புச் சத்து கேப்ஸ்யூல் எழுதினார். டப்பாவில் உதிரியாகப் போட்டுக் கொடுத்தார்கள். கூடவே என் பீட்ரூட் பொடியும் தருகிறேன் என்றேன்.

"தாராளமாக் குடுங்கம்மா. பீட்ரூட், கீரை எல்லாம் நல்லதுதான். ஆனா இவ்வளவு குறைஞ்சதுக்கப்புறம் அது மட்டும் பத்தாது" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எத்தனை பேர் என் பொடியைத் தின்று தேறியிருக்கிறார்கள், அவருக்கு என்ன தெரியும்? எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

நீங்களே நிதானமாக யோசித்துப் பாருங்கள். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டு ரத்தம் ஏறினால் பெயர் யாருக்குப் போகும்? கேப்ஸ்யூலுக்குத்தான். எது வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஒன்றை நிறுத்தத்தானே வேண்டும்? மகளிடம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாள். அதனால் அவள் குளிக்கப் போன நேரத்தில் டப்பாவை எடுத்து, ஒவ்வொரு கூட்டையும் பிரித்து, உள்ளே இருந்ததைத் தட்டி எடுத்துவிட்டு, என் பொடியை நிரப்பி மூடினேன். கூடு மட்டும் ஆஸ்பத்திரியுடையது. அடர்ந்த சிவப்பு. உள்ளே இருப்பது வெளியே தெரியாது. டப்பா புதிதாக வரும்போதெல்லாம் இதே வேலைதான்.

நானே தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து விழுங்க வைப்பேன். "எல்லாரும் வயித்தைப் பிரட்டும்னு சொன்னாங்க. எனக்கு ஒண்ணுமே பண்ணலைம்மா" என்று சந்தோஷப்பட்டாள்.

அடுத்த பரிசோதனையில் ரத்தம் இன்னும் இறங்கியிருந்தது. டாக்டரம்மா என் எதிரிலேயே அவளைப் பிடித்துக்கொண்டார்.

"மாத்திரை சாப்பிடுறியா இல்லையா?"

"தவறாம சாப்பிடுறேன் டாக்டர்."

"வெளிக்குக் கறுப்பாப் போகுதா?"

"இல்லையே. எப்பவும் போலத்தான்."

"இரும்புச் சத்து உள்ள போனா கறுப்பாத்தாம்மா போகும். குப்பையில போட்டுட்டு என்கிட்ட வந்து பொய் சொல்லாத."

மகள் அழுதுவிட்டாள். "அம்மா, நீயாவது சொல்லும்மா" என்று என் பக்கம் திரும்பினாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அந்த டாக்டரம்மா மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் இப்படியா பேசுவது? என் பெண் ஒருநாளும் பொய் சொல்கிறவள் இல்லை.

இனி கேப்ஸ்யூலை நம்பிப் பயனில்லை, மருந்தை நரம்பில் ஏற்றிவிடலாம் என்று தேதி கொடுத்தார்கள். ஏற்றியிருந்தால் அதுவரை பட்ட பாடெல்லாம் பாழ். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, புருஷனோடு வெளியூர் போய்விட்டாள், அங்கேயே ஏற்றிக்கொள்வாள் என்றேன். மகளிடம், மருந்து இன்னும் வரவில்லையாம், வந்ததும் கூப்பிடுவார்களாம் என்றேன். பொய்தான். எனக்கு அவர்கள் வேறு வழி வைக்கவில்லை.

அதன்பிறகு சமையலறைக்கும் படுக்கைக்கும் நடப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. உதடு வெளுத்துவிட்டது. நான் கவனிக்காமல் இல்லை. பெற்றவள் கவனிக்காமல் இருப்பாளா? காய்கறிச் சத்து உடம்பில் பிடிக்க நாளாகும் மேடம். அவசரப்பட்டால் எப்படி?

பிரசவத்தில் போன ரத்தம் அப்படியொன்றும் அதிகமில்லையாம். மற்ற பெண்கள் தாங்கிக்கொள்கிற அளவுதானாம். இவள் உடம்பில் தாங்க மிச்சம் எதுவும் இல்லை என்று அதே டாக்டரம்மா வெளியே வந்து சொன்னார். வெளியிலிருந்து ரத்தம் வந்து சேர்வதற்குள் என் மகள் போய்விட்டாள். குழந்தை பிழைத்துக்கொண்டது. ரொம்பச் சின்னது.

மாப்பிள்ளை சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். "மாத்திரையை ஒழுங்காச் சாப்பிட்டிருந்தா இருந்திருப்பாளே அத்தை. என்கிட்டயும் பொய் சொல்லிட்டாளே" என்று செத்துப்போனவளைத் திட்டினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவரை வீட்டுக்கு அழைத்துப்போய், டப்பாவில் மிச்சமிருந்த ஒரு கேப்ஸ்யூலைப் பிரித்து அவர் உள்ளங்கையில் கொட்டிக் காட்டினேன். என் மகளுக்குக் கெட்ட பெயர் வரக் கூடாதில்லையா? அவர் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டார். நேராக உங்களிடம் வந்துவிட்டார். இப்போது பேரக்குழந்தையைத் தொடக்கூட விடமாட்டேன் என்கிறாராம். இதற்குப் பெயர் நன்றி.

கூட்டிலிருந்து தட்டி எடுத்த மருந்தை என்ன செய்தாய் என்றுதானே கேட்கிறீர்கள்? எதையும் வீணாக்க எனக்கு மனசு வராது. அடுத்த தெருவில் ஒரு தையல்காரம்மா இருக்கிறார். அவர் மருமகளும் அப்போது மாசமாக இருந்தாள். அவளுக்கும் ரத்தம் குறைவுதான். என்னிடம் வாடிக்கையாக வாங்குகிற பீட்ரூட் பொடியில், பாவம் சின்னப் பெண்ணாயிற்றே என்று அதையும் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான். கூப்பிட்டு விசாரியுங்கள். ஆஸ்பத்திரி மாத்திரை ஒன்றைக்கூட அவள் தொட்டதில்லை. என் பொடியைத் தவிர வேறெதுவும் சாப்பிட்டதில்லை. ரத்தம் மளமளவென்று ஏறி, சுகப்பிரசவம் ஆகி, பிள்ளையும் கையுமாக இருக்கிறாள். என் பீட்ரூட் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் மேடம்?