வாசல் கொடியில் ஒரு விரிப்பு

பருத்தி விரிப்பை வெயிலில் உலர்த்துவதுதான் நல்லது, ஐயா. இருபத்திரண்டு வருஷமாக ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளன் நான். கறையைப் பார்த்தே எது கொட்டியது என்று சொல்லிவிடுவேன்.

ஒன்பது வயது வரை எனக்குப் படுக்கை நனையும். அப்பா அடிக்கமாட்டார், பெரிய மனுஷர். விரிப்பை வாசல் கொடியில் போட்டுவிட்டு, போகிறவர் வருகிறவரிடம், "நேத்து எங்க வீட்ல எவ்வளவு மழை பாருங்க" என்பார். தெரு சிரிக்கும். அவருக்குப் பயந்து அம்மாவும் சிரிப்பாள். எதிர்வீட்டு அத்தை மட்டும், அவர் உள்ளே போனதும் வந்து, கறை சுவர்ப் பக்கம் போகும்படி திருப்பிப் போடுவாள். 

மனசுக்கு வைத்தியம் பார்க்கும் அம்மாள் ஒருவர் போன வருஷம் சொன்னார்: "அந்த வெட்கம் உங்களோடது இல்ல, உங்க அப்பாவோடது." படித்தவர்கள் சொன்னால் கேட்க வேண்டாமா?

அப்பா இடுப்பு முறிந்து படுத்தார். நானே பழைய வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொண்டேன். பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தெரு மெச்சியது. அன்று சிரித்த அதே வாய்கள்தான். தினமும் விடியும்போது, அவர் தூங்குகையில், ஒரு செம்பு வெதுவெதுப்பான தண்ணீரை அவருக்கடியில் ஊற்றினேன். சூடு சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு விரிப்பை வாசல் கொடியில் போட்டேன்.

"மன்னிச்சுக்கப்பா, தெரியாமப் போயிடுது" என்பார், என் முகத்தைப் பார்க்காமல்.

"மழைக்காலம்தானேப்பா" என்பேன்.

நனையும் பயத்தில் தண்ணீர் குடிப்பதையே விட்டார். மாத்திரைக்கு ஒரு மடக்கு, அதோடு சரி. நான் தம்ளரை நீட்டத்தான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள்.

பதினோராம் நாள் அத்தை தடியூன்றி வந்தாள், விரிப்பைத் திருப்பிப் போட. கை பாதியில் நின்றது.

"கறையே இல்லையேடா. வெறும் தண்ணிதானே இது?"

கறை பார்த்தே பிழைத்தவனுக்கு இது தோன்றவில்லை பாருங்கள். அவள் உள்ளே போய் அப்பாவின் உதட்டை நனைத்தாள். விழுங்க அவருக்குத் தெம்பில்லை. பொழுது சாய்வதற்குள் போய்விட்டார். உங்களிடம் வந்து சொன்னதும் அவள்தான்.

கொன்றேன் என்றே போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்திடுகிறேன். வருத்தப்பட்டேன் என்று மட்டும் எழுத வேண்டாம். நான் குணமாகிவிட்டேன்.

ஒரு சின்ன உதவி. காலையில் என் லாக்கப் அறை விரிப்பை வராந்தாக் கம்பியில் போட்டிருக்கிறார்கள். அதைக் கொஞ்சம் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போடச் சொல்லுங்கள்.