பாலத்துக்கு இந்தப் பக்கம்

…அதத்தான் தம்பி நானும் சொல்றேன், குளம்புல ஒரு கோளாறும் இருக்காது. நாலு காலையும் தூக்கிப் பாருங்க, வேணாம்னு சொல்லல. எங்க நாத்தனார் பாக்கச் சொல்லிட்டாங்க, நீங்க பாத்துத்தானே ஆகணும். வாயில அத்தனை லாட ஆணிய வச்சுக்கிட்டுப் பதில் சொல்ல வேணாம், எதையாவது முழுங்கிடப் போறீங்க. தலைய ஆட்டினாப் போதும். கயித்த நான் பிடிச்சுக்கறேன்.

இது பேரு டீச்சர். ஆமா, குதிரைக்குத்தான். அது பாக்கறதப் பாருங்க… வீட்டுப்பாடம் எழுதாம வந்தவளப் பாக்கற மாதிரி இல்ல? அந்த மரத்தடியில கனைச்சுக்கிட்டே இருக்கே கறுப்பு, அது வக்கீல். தீனி வச்சாலும் ஆட்சேபம், வைக்கலேன்னாலும் ஆட்சேபம். ரெண்டும் நாத்தனாரோடது. அவங்க வக்கீல் மேல ஏறிக்குவாங்க, எனக்கு டீச்சர். எங்க வீட்டுக்காரருக்குக் குதிரை கிடையாது, அவரு கூடாரத்துக்குக் காவல். காவல்னா, உள்ள படுத்துக் குறட்டை விடறது. அந்தச் சத்தத்துக்குக் கரடி கிட்ட வராதுங்கறது அவர் கட்சி.

லீவுக்குக் காட்டுல போய் ஓய்வா இருக்கலாம்னுதான் கூட்டிட்டு வந்தாங்க. ஓய்வெல்லாம் குதிரைக்குத்தான் தம்பி. கண்ண முழிச்சதும் ஓடையிலேருந்து அதுக்குத் தண்ணி தூக்கணும், புல்லு போடணும், சாணி அள்ளணும். அள்ளினத ஒரே இடத்துல கொட்டவும் கூடாது, காட்டுக்குள்ள பரப்பி விடணுமாம். என் கல்யாணத்துக்கு அப்புறம் எங்க வீட்டுல யாருக்கும் நான் இவ்வளவு சேவகம் செஞ்சதில்ல. எங்க வீட்டுக்காரர் அதப் பாத்துட்டு, ‘நானும் நாலு காலோட பொறந்திருக்கலாம்’ங்கறாரு.

இந்தக் கயிறு கட்டறதுக்கே ஒரு படிப்புப் படிக்கணும். ரெண்டு மரத்துக்கு நடுவுல தலைக்கு மேல இழுத்துக் கட்டி, அதுல குதிரையக் கட்டணும். தொங்க விட்டா கால் சிக்கிக்கும், இழுத்துக் கட்டினா குனிஞ்சு புல்லு திங்க முடியாது. நான் கட்டினத நாத்தனார் அவுத்துட்டுத் திரும்பக் கட்டுவாங்க. வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. சொல்லாம அவுக்கறது இருக்கே, அது திட்டறதவிட மோசம்.

நான் வர்றேன்னு சொன்னப்பவே அவங்களுக்கு இஷ்டமில்ல. உனக்கு ஒத்து வராது, மாடிப்படியிலயே சுவத்தப் பிடிச்சுக்கிட்டு எறங்கறவ நீன்னாங்க. எனக்கு ரோஷம் வந்துடுச்சு. சின்ன வயசுல நான் ஏறாத மரமா, தாண்டாத வாய்க்காலான்னு அளந்து விட்டேன். எங்க வீட்டுக்காரர் இருமினாரு. நான் கண்டுக்கல.

அடுத்த கால் தூக்கணுமா? டீச்சர், காலக் குடும்மா… பாத்தீங்களா, சொன்னாக் கேக்குது. நாத்தனார் சொன்னா அரை மணி யோசிக்கும்.

இவ்வளவு நல்ல குதிரைய இப்ப லாரியில ஏத்தப் போறாங்க. அந்தா, பின்கதவச் சாய்ச்சு வச்சிருக்கு பாருங்க. குதிரை வியாபாரி வந்து பல்லப் பாத்தாச்சு, முதுகத் தடவியாச்சு. குளம்பு நல்லா இருக்குன்னு நீங்க சொல்லிட்டா ஏத்திட்டுக் கிளம்பிடுவாரு. எங்கயோ சந்தையில கொண்டு போய் நிறுத்துவாராம். யாரு வாங்குவாங்க, எப்படி வச்சுக்குவாங்க… எனக்கென்ன, என் குதிரையா. எனக்கு நிம்மதிதான். நாளைலேருந்து ஒரு குதிரைக்குத் தண்ணி தூக்கினாப் போதும்.

கண்ணுல தூசி. நீங்க அரத்தால தேய்க்கறீங்கல்ல, அந்தத் தூளு.

என்ன குத்தம்னா, பாலம். மேல போற பாதையில, ஓடைக்குக் குறுக்க மரப்பலகைய அடுக்கி ஒரு பாலம் இருக்கே, பாத்திருக்கீங்களா? அங்க போனா இது நின்னுடுது. நின்னா நின்னதுதான். முதல் நாள் பாலத்துக்கிட்ட நின்னுச்சு. மறுநாள் பத்தடி முன்னாடியே நின்னுச்சு. இப்ப பாதையில ஒரு கட்டை குறுக்க கெடந்தாக்கூட நிக்குது. இன்னிக்குக் காலையில நாத்தனாரே, தள்ளு நான் பாக்கறேன்னு ஏறிப் போனாங்க. அவங்களுக்கும் நின்னுச்சு. அவங்க எறங்கினதும் கழுத்தத் திருப்பி, சட்டைப் பையில மூக்க விட்டுதாம். அவங்களுக்கு வந்துச்சே கோவம். பாலத்தப் பாத்து மிரள்ற குதிரைய வச்சுக்கிட்டுக் காட்டுல என்ன பண்றது, யாரையாவது கீழ தள்ளி விடறதுக்குள்ள குடுத்துடறேன்னு அங்கயிருந்தே வியாபாரிக்குப் போன் போட்டுட்டாங்க. அவங்க போன் பேசப் பேச அது பைய மோந்துக்கிட்டிருந்திருக்கும், பாவம்.

மோப்பம் பிடிக்கத்தான் செய்யும். தினமும் அந்த இடத்துல ஆப்பிள் தின்ன வாயாச்சே.

ஏன் தம்பி தேய்க்கறத நிறுத்திட்டீங்க?

ஒரு ஆப்பிள்தான் குடுத்தேன். மிரண்டு நிக்கற ஜீவனுக்கு ஒரு வாய் குடுத்தா தைரியம் வரும்னு… அப்படிப் பாக்காதீங்க. டீச்சர் ஒருத்தி பாக்கறது போதாதா.

சரி, நீங்க அண்ணிகிட்ட, அதான் எங்க நாத்தனார்கிட்ட, சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சுச் சொல்றேன். முதல் நாள் என்னாச்சுன்னா… அண்ணி வக்கீல ஓட்டிக்கிட்டு டக்கு டக்குன்னு பாலத்தத் தாண்டி வளைவுல மறைஞ்சுட்டாங்க. டீச்சரும் அது பாட்டுக்கு நடந்துச்சு. முன்னங்கால் பலகை மேலயே வச்சிடுச்சு. நான் குனிஞ்சு பாத்தேன். பலகைக்குப் பலகை இடுக்கு, இடுக்குல தண்ணி ஓடுது, அது ஓடுதா நான் ஓடறனான்னு தெரியல. கை தன்னால கடிவாளத்த இழுத்துடுச்சு. பின்னால வந்து நின்னுச்சு பாவம், ஒண்ணும் புரியாம. நான் எறங்கிட்டேன். எனக்குன்னு பையில ஒரு ஆப்பிள் வச்சிருந்தேன். அதுகிட்ட நீட்டினேன். அண்ணி திரும்பி வந்து, ‘ஏன் நின்னே?’ன்னாங்க. என் வாயில வந்தது, ‘குதிரை மிரளுது அண்ணி.’

அவ்வளவுதான். மறுநாள் நான் கடிவாளத்தத் தொடவே இல்ல. அதுவே நின்னு திரும்பிப் பாத்துச்சு. எனக்கும் சௌகரியமாப் போச்சு. குடுத்தேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்னா ஆப்பிள், அந்தப் பக்கம் போனா ஒண்ணும் இல்லன்னா நீங்களும்தான் நிப்பீங்க. அதுக்கு அறிவு ஜாஸ்தி தம்பி, அதான் அதோட குத்தம்.

நீங்க ஒரு உபகாரம் பண்ணுங்க. முன்னங்கால்ல ஏதோ வலி, ரெண்டு வாரம் வண்டியில ஏத்தக் கூடாதுன்னு சொல்லிடுங்க. பெரிய பொய் இல்ல. எல்லாருக்கும் எங்கயாவது ஒரு வலி இருக்கத்தான் செய்யும். அதுக்குள்ள அண்ணிக்குக் கோவம் ஆறிடும், நானும் கண்ண மூடிக்கிட்டாவது அந்தப் பாலத்துல நடந்து பழகிடுவேன்… மாட்டீங்களா? வாயிலதான் இப்ப ஆணி இல்லையே, மாட்டேன்னாவது சொல்லலாமே.

ஏன் எல்லாத்தையும் பெட்டியில போடறீங்க? இன்னும் ஒரு கால் இருக்கே. பாத்தாச்சா? நாலும் நல்லா இருக்கா? அப்ப… எங்க போறீங்க தம்பி? உங்க வண்டி அந்தப் பக்கம்ல நிக்குது. அண்ணிகிட்டயா? குளம்பு நல்லா இருக்குன்னு சொல்லப் போறீங்களா, இல்ல ஆப்பிளச் சொல்லப் போறீங்களா? ரெண்டையும் சொல்லாதீங்க. நில்லுங்க… மெதுவாப் போங்க, குதிரையப் பிடிச்சுக்கிட்டு நான் எப்படி ஓடறது… டீச்சர், வாம்மா, வேகமா வா.

தம்பி, நீங்க சொல்ல வேணாம். நீங்க சொன்னா அவங்க என்னைக் கூப்பிட்டுக் கேப்பாங்க, நான் இல்லன்னு சாதிச்சிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். நானே சொல்லிடறேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க.

அண்ணி… அண்ணி, வியாபாரிய அந்த லாரிக் கதவத் தூக்கி மூடச் சொல்லுங்க. இத ஏத்த வேணாம். குளம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு, அது இல்ல விஷயம். அந்தப் பாலத்தப் பாத்து மிரண்டது டீச்சர் இல்ல அண்ணி… கொஞ்சம் இருங்க, இன்னும் நான் சொல்லி முடிக்கல, அதுக்குள்ள சிரிச்சா எப்படி.