சாட்சிக்கு வந்த இரண்டு பெரியவர்கள்

நான் நின்றுகொண்டே பேசட்டுமா? உட்கார்ந்தால் என் வலது முழங்கால் ஆட ஆரம்பித்துவிடும். எதிரே இருப்பவர்களுக்கு அது எரிச்சலாக இருக்கும் என்று எங்கள் அலுவலகத்திலேயே சொல்வார்கள். இந்த ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே நடந்துகொண்டே சொல்கிறேன், நீங்கள் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளுங்கள். தேநீர் வேண்டாம். ஏற்கெனவே தூக்கம் சரியில்லை.

என் வேலை உங்களுக்குத் தெரியும். பெண்டாட்டி பிள்ளையை விட்டுப் போன ஆண்களிடமிருந்து பிள்ளைக்கான ஜீவனாம்சத்தை வாங்கிக் கொடுப்பது. தீர்ப்பு எழுதியதோடு நீதிமன்றம் கை கழுவிவிடும். மலை மலையாக ஏறி ஆளைத் தேடுவது நாங்கள். கல்லில் நார் உரிக்கிற வேலை. ஆடுகளையெல்லாம் தம்பி பெயருக்கு மாற்றி வைத்துவிட்டு, "என்கிட்ட இந்தத் தொப்பியத் தவிர ஒண்ணுமில்லக்கா, வேணும்னா எடுத்துக்குங்க" என்று கல்பாக் தொப்பியைக் கழற்றி நீட்டுவார்கள். மாஸ்கோவில் வேலை பார்க்கிற ஒருவன் ஆட்டுச் சடலத்தை இழுத்து ஆடும் குதிரை ஆட்டத்துக்கு மட்டும் வருஷம் தவறாமல் ஊருக்கு வந்துவிடுவான். அவனை மைதானத்துக்கே போய்ப் பிடித்தேன். குதிரையைவிட்டு இறங்காமலே கையெழுத்துப் போட்டான். அன்று கூட்டம் எனக்குத்தான் கைதட்டியது.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. சம்மன் அனுப்பினால் எங்கள் ஆண்கள் வரமாட்டார்கள், வழக்கம் கூப்பிட்டால் வருவார்கள். கல்யாணத்துக்கு வருவார்கள். சாவுக்குக் கட்டாயம் வருவார்கள். சொந்த ரத்தம் செத்தால் எங்கே இருந்தாலும் ஓடிவந்து, வாசலுக்கு வருமுன்பே தெருவிலிருந்து ஓலமிட வேண்டும், குழியில் ஒரு கைப்பிடி மண் போட வேண்டும். வராதவனை அப்புறம் நாய்கூட மதிக்காது.

ஷர்ஷென் கதைக்கு வருகிறேன். ஏழு வருஷமாக என் மேசையில் கிடந்த வழக்கு. மகன் குத்மானுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது வீட்டைவிட்டுப் போனவன். மனைவி அனார்குல் பள்ளிச் சமையலறையில் தட்டு கழுவுகிறாள். பையன் குளிர்காலத்தில் அவளுடைய பூட்ஸில் காகிதத்தைத் திணித்துப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போவான், அதே நேரத்தில் அவள் ரப்பர் செருப்போடு தட்டு கழுவிக்கொண்டிருப்பாள். நான் எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறேன், அந்தப் பூட்ஸ்தான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் தலைமை அதிகாரிக்கோ அது வேடிக்கை. "என்ன கனிஷாய், ஷர்ஷென் கெடைச்சானா? இத்தன வருஷமா தேடுறியே, கட்டிக்கப் போறியா என்ன?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

போன குளிர்காலத்தில் வைக்கோல் லாரி ஓட்டுகிற ஒருவன் துப்புக் கொடுத்தான். தெரெக்-பெல் கணவாய்க்கு அந்தப் பக்கம், யாரோ ஒருவரின் ஆடுகளோடு தன் ஆடுகள் சிலவற்றையும் மேய்த்துக்கொண்டு குளிர்காலப் பட்டியில் ஷர்ஷென் இருக்கிறான் என்று. நான் அனார்குலிடம் போய்ச் சொன்னேன். அவள் ஈரக் கையைத் துடைக்கக்கூட இல்லை. "விடுங்கக்கா. செத்துட்டான்னு நெனச்சுக்கிட்டோம். அவனும் நாங்க செத்துட்டோம்னுதான் நெனச்சிருப்பான்" என்றாள். அந்தப் பேச்சு வீடு வந்து சேரும்வரை என் காதிலேயே இருந்தது.

ஒருவனின் கால்நடையை ஜப்தி செய்யப் போனால் இரண்டு சாட்சிகள் வேண்டும் என்பது சட்டம். யார் யாரை அழைத்துப் போக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நான் ஷர்ஷெனின் ஊரிலிருந்தே இரண்டு பெரியவர்களை அழைத்துப் போனேன். ஒருவர் துர்தகுன், அவனைத் தோளில் தூக்கி வளர்த்தவர். இன்னொருவர் ஒஸ்மோனாலி, பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறவர். வண்டியில் ஏறும்போதே இரண்டு விஷயம் சொல்லிவைத்தேன். ஒன்று, அவனிடம் ஆடு மாடு சௌக்கியமா என்று கேட்கக் கூடாது, நாம் போவதே ஆட்டை எழுதத்தான், உஷாராகிவிடுவான். இரண்டு, அவன் வீட்டு ரொட்டியில் கைவைக்கக் கூடாது. ஒருவன் உப்பைத் தின்றுவிட்டு அவனுக்கு எதிராகச் சாட்சிக் கையெழுத்துப் போட முடியுமா? நான் காகிதத்தைப் படிக்கும்வரை வாய் திறக்காமல் இருங்கள் என்றேன். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். அரசாங்கக் காரியம் என்றால் எங்கள் பெரியவர்களுக்கு அவ்வளவு பயம்.

நீங்கள் தலைநகரில், அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவர். உங்களுக்குச் சாவுச் செய்தி தொலைபேசியில் வந்திருக்கும். எங்கள் பக்கம் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஊரிலிருந்து இரண்டு பெரியவர்கள் காலையிலேயே வருவார்கள். கால்நடை நலம் கேட்கமாட்டார்கள். ரொட்டியைத் தொடமாட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டு உட்காருவார்கள். அவ்வளவுதான். அதற்கப்புறம் யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை.

இது எனக்கு முன்பே தெரியுமா என்று கேட்கிறீர்கள். எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

ஷர்ஷென் பட்டியின் வாசலில் நின்று எங்களைப் பார்த்தான். முதலில் சிரித்தான். "அட, துர்தகுன் பெரியப்பா! வழி தவறி வந்துட்டீங்களா?" என்று ஓடிவந்து கையைப் பிடித்தான். உள்ளே கூட்டிப்போய்த் துணி விரித்து, ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, பாலாடைக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தான். யாரும் கை நீட்டவில்லை. அவன் ஒரு தடவை துர்தகுனைப் பார்த்தான், ஒரு தடவை ஒஸ்மோனாலியைப் பார்த்தான்.

"என்ன பெரியப்பா, ஆடெல்லாம் சௌக்கியமான்னுகூடக் கேக்கல?"

இரண்டு பேரும் குனிந்த தலை நிமிரவில்லை. ஷர்ஷெனின் கையிலிருந்த தேநீர்க் குடுவை சாய ஆரம்பித்தது. அவனுக்கு அப்பா அம்மா இல்லை, கூடப் பிறந்தவர்கள் இல்லை. "எனக்குன்னு அங்க இருக்கறது ஒரே ஒருத்தன்தானே" என்றான், யாரிடமோ கணக்குக் கேட்பதுபோல.

நான் சொன்னது இதுதான். "ஷர்ஷென், நீ இப்பவே குத்மான் வீட்டுக்குக் கெளம்பணும்."

"குத்மானா?"

"அவன் விஷயமாத்தான் வந்திருக்கோம்."

இந்த வார்த்தைகளை எந்த நீதிமன்றத்திலும் குர்ஆன் மேல் கைவைத்துச் சொல்வேன். ஒன்றுகூடப் பொய் இல்லை. ஒஸ்மோனாலிக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் வாயைத் திறந்தார். நான் அவர் முழங்காலில் கைவைத்து அழுத்தினேன். அவர் மூடிக்கொண்டார். ஷர்ஷென் மேல்கோட்டைக்கூட எடுக்காமல் ஓடி, முதலாளியின் பழைய ஜீப்பைக் கிளப்பிவிட்டான். பட்டிக் கதவு திறந்தே கிடந்தது. எங்கள் வண்டியில் ஏறியபின் நான்தான் இறங்கிப் போய்ச் சாத்தினேன், ஆடுகள் வெளியேறிவிடக் கூடாதே என்று.

நாங்கள் கணவாய் அடிவாரத்துக்கு வந்தபோது தடுப்புக் கம்பத்தை இறக்கிவிட்டிருந்தார்கள். காலையில் நாங்கள் கடக்கும்போது திறந்திருந்த வழிதான். ஷர்ஷென் பனியில் மண்டியிட்டு, காவல்காரனின் கோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"காத்து மாறிடுச்சுய்யா. மேல பனி சரியற மாதிரி தொங்கிக்கிட்டு நிக்குது. இன்னைக்கு ஈ காக்காகூடப் போகாது. காலைல புல்டோசர் வரட்டும்" என்று காவல்காரன் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, பொழுது சாஞ்சா அடக்கம் பண்ணிடுவாங்கண்ணே. எம்புள்ளைக்கு மண்ணு போடணும். ஒரு பிடி மண்ணு." அப்புறம் என்னைப் பார்த்துவிட்டான். மண்டியிட்டபடியே என் பக்கம் திரும்பினான். "அக்கா, நீங்க கவர்மெண்ட்டு ஆளு. நீங்க ஒரு வார்த்த சொன்னா விட்டுடுவாங்க."

துர்தகுன் என் பின்னால் வந்து நின்றார். அவருக்கு மூச்சு வாங்கியது. "ஏம்மா கனிஷாய், போதும். புள்ள உசுரோட இருக்கான்னு அவன்கிட்ட சொல்லிடு" என்றார் மெதுவாக.

"சொன்னா திரும்பிப் போயிடுவான் பெரியப்பா" என்றேன். "நாளைக்கு இவன எங்க போய்த் தேடறது?"

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள், மறைக்க ஒன்றுமில்லை. எனக்கு வயிறு எரிந்தது. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கித்தர இந்தக் கணவாயைத் தாண்டாதவன், செத்த பிள்ளைக்கு மேல்கோட்டு இல்லாமல் ஓடிவருகிறான். அப்படியானால் வழி அவனுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. பாசமும் இருந்திருக்கிறது. ஏழு வருஷம் எங்கே போயிருந்தது அது? அவன் அந்த வாசலுக்குப் போய் ஓலமிட வேண்டும், கதவைத் திறந்துகொண்டு பையன் வெளியே வர வேண்டும், அந்த ஒரு நொடியில் அவன் முகத்தை நான் பார்க்க வேண்டும் என்று இருந்தது. நீங்கள் என் அப்பாவைப் பற்றிக் கேட்டீர்கள். அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவர் எங்களை விட்டுப் போய்க் கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஊரில் இருந்தார், அவ்வளவுதான். கோடையில் அந்தச் சாலையில் குழந்தைகூடச் சைக்கிள் ஓட்டலாம்.

நான் அடையாள அட்டையை எடுத்துக் காவல்காரனிடம் காட்டினேன். "அரசாங்கக் காரியம். இவர் போயாகணும். கம்பத்தத் தூக்குங்க" என்றேன். அவன் அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கயிற்றை இழுத்தான். ஷர்ஷென் ஜீப்பில் ஏறுவதற்கு முன் என் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டான். துர்தகுன் கத்திக்கொண்டே ஜீப்பின் பின்னால் ஓடினார். காற்றில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. பனியில் எழுபது வயது மனிதர் எவ்வளவு தூரம் ஓட முடியும்? விழுந்தார். நான் போய்த் தூக்கிவிட்டேன்.

நான் ஏன் பின்னால் போகவில்லை என்று கேட்கிறீர்கள். மேலே பனி தொங்குகிறது என்று காவல்காரன் சொன்னானே.

காவல்காரனுடைய குடிசையில் அடுப்பருகே உட்கார்ந்திருந்தோம். உட்கார்ந்திருந்தோம் என்றா சொன்னேன், பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் அன்றுதான் இப்படி நடக்க ஆரம்பித்தேன், இன்னும் நிற்கவில்லை. மலை ஒரு தடவை இருமியது. காவல்காரன் தேநீரைக் கீழே வைத்துவிட்டு வெளியே ஓடினான். ஒஸ்மோனாலி கைகளை விரித்துத் துஆ ஓதினார். மறுநாள் புல்டோசர்தான் சரிந்த பனிக்குள்ளிருந்து ஜீப்பை வெளியே எடுத்தது.

அதற்கப்புறம் நான் எதையும் தள்ளிப்போடவில்லை. தகப்பனை இழந்த பிள்ளைக்கு அரசாங்கம் உதவித்தொகை தருகிறது. அனார்குலுக்காக அந்த விண்ணப்பத்தை நானே கூட இருந்து முடித்துக் கொடுத்தேன். இப்போது மாதம் தவறாமல் வருகிறது. ஷர்ஷென் உயிரோடு இருந்தவரை ஒரு தடவைகூட வந்ததில்லை. பையன் காலில் புது பூட்ஸ் இருக்கிறது, நீங்களே போய்ப் பாருங்கள். தலைமை அதிகாரி வழக்கு முடிந்தது என்று கோப்பை மூடி என்னைப் பாராட்டினார். துர்தகுன் மட்டும் உங்களிடம் வந்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது அத்தனையும் சரி. பையன் உயிரோடு இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். கணவாயில் பனி சரியும் என்றும் தெரியும். கம்பத்தைத் தூக்கச் சொன்னது நான்.

நீங்கள் எந்தப் பிரிவில் வேண்டுமானாலும் வழக்குப் போடுங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன், பையனை விசாரணைக்குக் கூப்பிடாதீர்கள். அவனுக்குச் செய்தி சொல்லப் போனதும் நான்தான். துர்தகுன் என்னோடு வர மறுத்துவிட்டார், அதனால் வேறு இரண்டு பெரியவர்களோடு போனேன். நாங்கள் உட்கார்ந்தோம். அனார்குல் ரொட்டி வைத்தாள். யாரும் தொடவில்லை. பையன் எங்கள் ஒவ்வொருவர் கையையும் பார்த்துவிட்டுப் புரிந்துகொண்டான். அழவில்லை. என்னிடம் ஒன்றுதான் கேட்டான்.

"அத்த, இந்தப் பனியில அப்பா எதுக்கு வந்தாரு?"

"உன்னப் பாக்கத்தான் கண்ணு" என்றேன்.

அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விளக்கு ஏற்றின மாதிரி ஆகிவிட்டது. ஏழு வருஷத்தில் அந்த அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வந்து சேர்ந்தது அது ஒன்றுதான், அதையும் வசூல் செய்து கொடுத்தது நான்தான்.