பொட்டுக்கு மேல் கீறல்

அறையில் ஐந்து பேர் இருந்தோம். இன்ஸ்பெக்டர். எழுதுவதற்கு ரைட்டர் தனபால். பிக்கப் டிரைவர் சென்றாயனின் மனைவி கோகிலா. வண்டி மோதி இறந்துபோன ஜாஸ்மின் டீச்சரின் கணவர் இமானுவேல். பிறகு நான், மணிவண்ணன், செம்மேட்டில் போட்டோவும் பிரிண்டும் எடுத்துக் கொடுக்கும் கடைக்காரன். டீ நன்றாக இருந்தது, இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்கள். இமானுவேல் மட்டும் குடிக்கவில்லை.

நான் அங்கே சொன்னதை அதே வரிசையில் சொல்கிறேன்.

கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு, சேலத்தில் நாலு வருஷம் நைட் ஷிஃப்ட் வேலை பார்த்தேன். வெளிநாட்டில் பழைய கார் விற்பவர்கள் அனுப்பும் படங்களைக் கம்ப்யூட்டரில் சரிசெய்வது வேலை. கிழிந்த சீட்டின் மேல் தோலை ஏற்றுவோம். வெறும் பிளாஸ்டிக்கில் மரத்தின் ரேகையை ஏற்றுவோம். எதையும் வரையக் கூடாது, வரைந்தால் பார்ப்பவனுக்குத் தெரிந்துவிடும். நிஜமான பொருளைப் படம் எடுத்து, காரின் மேல் போர்த்தி, அதன் வளைவுக்கு வளைத்து, வெளிச்சத்தைச் சேர்க்க வேண்டும். ஒருநாள் அந்த வேலைக்குப் போவதை நிறுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. மலைக்கு வந்து கடை போட்டேன். ஆனால் பகலில் தூங்கிப் பழகிய உடம்பு, பொழுது சாயும் நேரத்தில் கண் தானாகச் செருகும்.

ஜாஸ்மின் டீச்சர் இறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, சோளக்காடு ஊரிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தார். மோதிய வண்டி எது என்று போலீசுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை சென்றாயன் தன் பிக்கப்பை விற்பதற்காகப் படம் எடுக்க வந்தார். கோகிலாவும் வந்திருந்தார். பத்து வருஷம் சோறு போட்ட வண்டியை மொட்டையாகப் படம் எடுப்பதா என்று சொல்லி, என் கடை வாசலிலேயே குங்குமத்தைக் குழைத்து முன் பம்பரில் இரண்டு பக்கமும் பொட்டு வைத்தார். ஆறு படம் எடுத்தேன். வெள்ளிக்கிழமை சென்றாயன் காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கி, துருப்பிடித்த பம்பரை மாற்றி, முன்பக்கம் பெயின்ட் அடித்துக்கொண்டு வந்தார். பழைய பம்பர் காயலான் கடைக்குப் போய்விட்டது.

சனிக்கிழமை போலீஸ்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். மலையில் ஓடும் பாதி வண்டிகளுக்கு இன்சூரன்ஸ் படம் எடுப்பவன் நான். முன்பக்கம் அடிபட்ட வண்டி ஏதாவது வந்ததா என்று கேட்டார். பார்த்துச் சொல்கிறேன், மத்தியானம் வாருங்கள் என்றேன்.

சென்றாயன் வண்டியின் படத்தில் வேலை செய்ய இரண்டு மணி நேரம் பிடித்தது. பம்பரின் இடது மூலையில் ஒரு நசுங்கல், உரிந்த பெயின்ட், அந்த உரிசலில் மாட்டிய பச்சையும் அரக்கும் கலந்த நூல். டீச்சரின் கட்டம்போட்ட சேலையின் நூல். சேலத்தில் நாலு வருஷத்தில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை நான் செய்ததில்லை. சென்றாயன் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. அவர் படம் கையில் இருந்தது. அவர் பம்பர் இல்லாமல் போயிருந்தது. அவ்வளவுதான். மத்தியானம் படத்தைக் கொடுத்தேன், அன்று மாலையே அவரைப் பிடித்தார்கள். அடிபட்டதை மறைக்கத்தான் பம்பரை மாற்றினார் என்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

அதற்குப் பிறகு மாட்டிக்கொண்டது நான்தான். படம் எடுத்தவன் என்று என்னைச் சாட்சியாகப் போட்டார்கள், ஊரை விட்டுப் போகக் கூடாது என்றார்கள். கடையை மூடினால் ஏன் என்று கேட்பார்கள். கீழே இறங்கலாம் என்றால் டீச்சர் விழுந்த இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். வாராவாரம் சந்தை நாளில் கோகிலா மலைக்குள் இருக்கும் குண்டனி நாட்டு ஊரிலிருந்து வருவார். வக்கீல் கேட்ட ஜெராக்ஸ் எடுப்பார். பிறகு பஸ் வரும்வரை என் கடை பெஞ்சில், அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எழுந்து போகச் சொல்ல முடியாது. ஒருமுறை எனக்காக அன்னாசிப்பழம் கொண்டுவந்தார்.

"ஏனுங்க தம்பி, நீங்கதான படம் புடிச்சீங்க. அன்னிக்கு இந்த நசுங்கல் உங்க கண்ணுல பட்டுச்சுங்களா?"

கண்ணில் படாதது படத்தில் விழாதுங்க அக்கா என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டார். இப்படி ஒன்பது வாரம்.

பத்தாவது வாரம் அவர் கடைக்கு வரவில்லை, நேராக ஸ்டேஷனுக்குப் போனார். இமானுவேலையும் கூப்பிட்டிருந்தார். என்னை வரச்சொல்லி ஆள் வந்தது. மேஜையில் என் படம் கிடந்தது. கோகிலா அதன் மேல் விரலை வைத்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"டீச்சரம்மா செத்தது செவ்வாக்கெழமைங்க. நான் பொட்டு வெச்சது புதங்கெழமை, இவரு கடை வாசல்ல. மொத நாளே நசுங்கியிருந்தா நசுங்கலுக்கு மேல பொட்டு இருக்கோணும். இங்க பாருங்க, பொட்டுல பாதிய நசுங்கல் தின்னுருக்குது. எம்பட பொட்டுக்கு மேலதானுங்க கீறல் கெடக்குது."

அவர் சொன்னது சரி. குங்குமத்தைத் தனியே பிரித்து நசுங்கலுக்கு மேலே கொண்டுவந்திருக்க வேண்டும். பம்பரோடு பம்பராக நினைத்து விட்டுவிட்டேன். இது கற்றுக்குட்டி செய்யும் தவறு என்று இன்ஸ்பெக்டரிடம் ஒப்புக்கொண்டேன்.

அப்படியானால் அந்த நசுங்கலும் நூலும் எங்கிருந்து வந்தன என்று அவர் கேட்டார். என் காரிலிருந்து என்றேன்.

என் காரும் சென்றாயன் வண்டியைப் போல வெள்ளை. அந்தச் செவ்வாய்க்கிழமை ஓட்டும்போதே கண் செருகியது, சத்தம் கேட்டு விழித்தேன். இறங்கிப் பார்த்தபோது பம்பரில் பெயின்ட் உரிந்து, அதில் நூல் சிக்கி, சாய்ந்த வெயில் பக்கவாட்டில் விழுந்துகொண்டிருந்தது. அப்படி ஒன்றைத் தேடி நைட் ஷிஃப்டில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறோம். மலையில் வெளிச்சம் சீக்கிரம் இறங்கிவிடும். போனை எடுத்துப் படம் எடுத்தேன். யார் மேலும் பழி போடுவதற்காக எடுத்ததல்ல. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளச் சொன்னேன், தனபால் எழுதிக்கொண்டார். அந்தப் பம்பரைப் பிறகுதான் கழற்றி எரித்தேன்.

இமானுவேல் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"அவ அப்ப உயிரோட இருந்தாளா?"

இருந்தார் என்றேன். என்னை அடையாளம் தெரிந்தது. வினாத்தாள் பிரிண்ட் எடுக்கக் கடைக்கு வருபவர்தான். "மணி, ஒரு போன் பண்ணுங்க" என்றார். இரண்டு தடவை சொன்னார்.

"எவ்வளவு நேரம்?"

அதைத் துல்லியமாகவே சொல்ல முடிந்தது. முதல் படம் ஐந்து நாற்பத்திரண்டு, கடைசிப் படம் ஐந்து ஐம்பத்தெட்டு. மொத்தம் பதினொன்று. கடைசி இரண்டில் வெளிச்சம் போதவில்லை. ஐம்பத்தெட்டுக்கு அவர் பேசுவதை நிறுத்தியிருந்தார்.

கோகிலா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். இமானுவேல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுதியதைத் தனபால் வாசித்துக் காட்டினார். அடிபட்டவரை அங்கேயே அனாதையாக விட்டுவிட்டுச் சென்றதாக ஓரிடத்தில் இருந்தது. அது தவறு என்றேன். நான் விட்டுவிட்டுப் போகவில்லை, டீச்சரின் உயிர் பிரியும்வரை பக்கத்திலேயேதான் இருந்தேன், அதை அப்படியே எழுதுங்கள் என்றேன். தனபால் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். அவர் தலையசைத்ததும் அந்த வரியை அடித்து, மேலே நான் சொன்னதை எழுதினார். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். தனபால் என்னை நடத்திக் கூட்டிப்போய் உள்ளே விட்டு, கதவைச் சாத்திப் பூட்டினார்.