அழித்த நாற்பது நிமிடம்

ஹார்டு டிஸ்க்கை நகலெடுப்பது மாவு மில்லில் உட்கார்ந்திருப்பது மாதிரி, இன்ஸ்பெக்டர் சார். போட்டுவிட்டால் முடிகிற வரை நமக்கு வேலை இல்லை. அன்னவாசலில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்துப் பதினோரு வருடமாகிறது. எனக்கு இந்த வேலை பிடிக்கும்.

"ரெண்டு கமாண்டையும் மாத்திப் போட்டுட்டியாப்பா?" என்று நல்ல மனதோடுதான் கேட்டீர்கள். நகலெடுக்கும்போது கொடுக்கிற ஸ்கிப், ஸீக் இரண்டையுமே கடையில் 'தள்ளு' என்றுதான் சொல்வோம். ஸ்கிப் என்றால், படிக்கிற டிஸ்க்கில் இத்தனை தள்ளிப் படி. ஸீக் என்றால், எழுதுகிற டிஸ்க்கில் இத்தனை தள்ளி எழுது. புதிதாகக் கற்பவர்கள் குழம்பி, எழுதக் கூடாத இடத்தில் எழுதிவிடுவார்கள். நான் குழம்பவில்லை.

அண்ணன் கார்முகில் குவைத்தில் இருக்கிறார். அப்பா அய்யாக்கண்ணு பக்கவாதத்தில் படுத்த பிறகு, கட்டிலுக்கு எதிரே பேச்சும் பதிகிற கேமரா வைக்கச் சொன்னது அவர்தான். நான்கு வருடமாக அங்கிருந்தே பார்த்தார். "அப்பாவ இன்னும் அங்கிட்டுத் திருப்பிப் போடலையாடா?" என்று போன் வரும். திருப்பிப் போடுவேன். கோபமெல்லாம் வந்ததில்லை.

அப்பா இறந்ததும் வந்தார். காரியம் முடிந்த மறுநாள், "கடைசியா அப்பா எப்படி இருந்தாருன்னு பாக்கணும்டா. கேமரா டிஸ்க்கக் காப்பி போட்டுக் குடு" என்றார்.

ஃபைலுக்குள் எழுதினால், அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் வெட்டுப்பட்டுப் போகலாம். டிஸ்க்கிலேயே நேரடியாக எழுதினால் அந்தப் பயமில்லை. ஸீக் சொன்ன இடத்துக்குப் போகும், சொன்ன அளவு எழுதும், நின்றுவிடும். முன்னும் பின்னும் தொடாது. அப்பா இறந்த வியாழக்கிழமை மதியம் இரண்டு பத்திலிருந்து இரண்டு ஐம்பது வரை டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு பகல் ஆனது. அந்த இடம் முழுக்க வெறும் பூஜ்யத்தை எழுதி அழித்தேன். பிறகுதான் காப்பி எடுத்தேன். அப்பா சிரித்த நாட்கள் ஒன்றுகூடக் கெடவில்லை. அந்த நாற்பது நிமிடம் இல்லாததைப் பார்த்துத்தான் அண்ணன் உங்களிடம் வந்தார்.

இரண்டு பத்துக்கு அப்பா கட்டிலிலிருந்து விழுந்தார். "நிலவா, தூக்கி விடுப்பா" என்றார். பிறகு தண்ணீர் கேட்டார். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். செம்பு எனக்குக் கையெட்டும் தூரம். மனசு மரத்துப் போயிருந்தது, அவ்வளவுதான். இடையில் ஒரு முறை எழுந்தேன், டிவி சத்தத்தைக் கூட்ட. இரண்டு ஐம்பதுக்கு அவர் குரல் அடங்கியது.

எழுதிக்கொள்ளுங்கள், அப்பாவை நான்தான் சாக விட்டேன். ஆனால் டிஸ்க்கில் அழித்தது எனக்காக இல்லை. அண்ணனுக்கு இளகிய மனசு. அப்பா தண்ணீர் கேட்டு யாரும் தராததைப் பார்த்தால் தாங்க மாட்டார். எங்கள் குடும்பத்தில் அடுத்தவர் மனசு நோகக் கூடாது என்று நினைக்கிறவன் நான் ஒருவன்தான், சார்.