வெயில் தெரியாத பெண்கள்

பிள்ளை பார்க்க ஆள் பிடிப்பதும் வீடு வாங்குவதும் ஒன்றுதான். முகப்பைப் பார்த்து மயங்கினால் போச்சு. நான் பெர்த்தில் கடற்கரையோர வீடுகளை விற்கிறவள், அதனால் எனக்கு இது தெரியும். உங்களுக்குச் சின்னப் பிள்ளைகள் இருந்தால் நான் சொல்வதைக் கேட்டுக்கொள்வது நல்லது. நீதிமன்றத்துக்கு நீங்கள் எழுதப்போகும் அறிக்கைக்கும் உதவும். மனநல ஆலோசகர் என்று சொன்னார்கள்; அமைதியாக உட்கார்ந்து கேட்கிறீர்கள். அது போதும்.

என் கணவன் டங்கன் வடக்கே இரும்புச் சுரங்கத்தில் வேலை செய்கிறான். இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில். அந்த ஒரு வாரமும் பீர், கிரிக்கெட், பிறகு பீர். மகன் டோபிக்கு மூன்று வயது. எங்கள் தொழிலில் வாடிக்கையாளர்களுக்கு வீடுகளைத் திறந்து காட்டுவது சனிக்கிழமைகளில். குழந்தைகள் காப்பகம் அன்றைக்குத்தான் பூட்டியிருக்கும். ஆகவே ஓபேர் பெண் ஒருத்தி வேண்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து, நம் வீட்டிலேயே ஓர் அறையில் தங்கி, நம் சாப்பாட்டைச் சாப்பிட்டு, கைச்செலவுக்குப் பணம் வாங்கிக்கொண்டு, பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்கள். மிச்ச நேரத்தில் கடற்கரையில் மல்லாந்து கிடப்பார்கள். ஊர் பார்க்க வருகிற பெண்கள்தானே.

மூன்று நிறுவனங்களைப் பார்த்தேன். முதலாவதை நடத்துகிறவள் பெவர்லி. வீட்டுக்கே வந்துவிட்டாள். வரப்போகிற பெண்ணின் கட்டிலில் உட்கார்ந்து குதித்துப் பார்த்தாள். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். பிறகு டோபியின் முன்னால் மண்டியிட்டு, "உங்கம்மாவுக்குக் கோவம் வந்தா என்னடா செல்லம் பண்ணுவாங்க?" என்று கேட்டாள். அவன் கார் பொம்மையின் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தான். ஒரு பெண் பாதியில் விலகினால், அவளைத் தனியாக உட்கார வைத்துப் பேசிய பிறகுதான் அடுத்தவளை அனுப்புவார்களாம்.

"ரெண்டு பக்கமும் கேக்கணும் இல்லையா, இமொஜென்?" என்றாள், என் பெயரை நாலு வருஷப் பழக்கம் மாதிரிச் சொல்லி.

இரண்டாவது, ஒரு கணவனும் மனைவியும். அவர்கள் ராசி பார்த்துப் பெண்ணையும் குடும்பத்தையும் பொருத்துகிறவர்கள். டோபி சிம்ம ராசி என்றதும் அந்த மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

மூன்றாவது ஷேன். தலைக்கு மேலே கறுப்புக் கண்ணாடி, காலில் ரப்பர்ச் செருப்பு, மேஜைக்கு அடியில் நாய். "பிடிக்கலையா, ஒரு ஃபோன் போடுங்க. அடுத்த வாரம் வேற பொண்ணு வந்து வாசல்ல நிக்கும். காரணம் கீரணமெல்லாம் நான் கேக்கவே மாட்டேன்," என்றான். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவனைத் தேர்ந்தெடுத்தேன். அப்போது என் மனத்தில் ஒன்றும் கிடையாது, நம்புங்கள். கேள்வி கேட்கிறவர்களைப் பிடிக்காது, அவ்வளவுதான்.

முதலில் வந்தவள் எலோடி, பிரெஞ்சுக்காரி. முட்டையைக்கூட ஒழுங்காக வேகவைக்கத் தெரியாது. பாடுவாள். நாள் முழுக்கப் பாடுவாள். டோபி அவளோடு அப்படியே ஒட்டிக்கொண்டான். ஒருநாள் கார் நிற்கும் இடத்தில் அவன் தடுக்கி விழுந்தான், முழங்காலில் ரத்தம். நான் பக்கத்திலேயே இருந்தேன். குனிந்து இரண்டு கையையும் நீட்டினேன். அவன் எழுந்து, என் கையைத் தாண்டி, வீட்டுக்குள் எலோடியிடம் ஓடினான். நீட்டிய கையோடு நான் அங்கேயே நின்றேன். அன்றைக்கு எனக்கு வலித்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

டிசம்பரில், எங்களுக்கு அதுதான் கோடை, எலோடி ஒருநாள் அவனுக்குச் சன்ஸ்கிரீன் பூச மறந்துவிட்டாள். தோள் இரண்டும் சிவந்துவிட்டன. பெரிய விஷயமில்லை. ஆனால் எங்கள் ஊரில் பிள்ளையை வெயிலில் காயவிடுவது சாதாரணக் குற்றம் இல்லை. தொப்பி போடாத பிள்ளையைப் பள்ளியில் விளையாடவே விடமாட்டார்கள். பக்கத்து வீட்டு நரெல் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "அவளுங்க ஊர்ல வெயில்னா ஐஸ் பெட்டிக்குள்ள எரியுற பல்பு மாதிரி. இவளுக்கென்ன தெரியும் நம்ம வெயிலைப் பத்தி?" என்றாள். தெருவே தலையாட்டியது. ஷேனுக்கு ஒரு ஃபோன் போட்டேன். சொன்ன சொல் தவறாதவன். வார முடிவில் எலோடி அழுதுகொண்டே பெட்டியை இழுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைத்தான் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். டோபி அவளைக் கேட்டு அழுதான். அழுது ஓய்ந்ததும் என்னிடம் வந்தான். வேறு யாரிடம் போவான்? டங்கன் சுரங்கத்தில். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கினான். வீடு காட்டும்போதுகூட இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டேன். வாங்க வந்தவர்கள் "என்ன பாசமான பிள்ளை" என்றார்கள். என் வாழ்க்கையிலேயே நான் சந்தோஷமாக இருந்த காலம் அது.

டங்கன் வந்ததும், "இந்தத் தடவை அந்த பெவர்லிகிட்டயே போவோமே. கொஞ்சம் விசாரிச்சு அனுப்புவா," என்றான். எப்போதாவதுதான் அவனுக்கு உருப்படியான யோசனை வரும்.

"அவ நம்ம ஃப்ரிட்ஜுக்குள்ள தலைய விடுற பொம்பளை," என்றேன்.

"விட்டா விடட்டுமே. உள்ள பீர்தானே இருக்கு," என்று சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. விலகும் பெண்ணைத் தனியாக உட்கார வைத்துப் பேசுகிறவள் எனக்கு வேண்டாம் என்று அப்போது எனக்குத் தெளிவாகவே தெரிந்திருந்தது. மறுபடியும் ஷேனையே கூப்பிட்டேன். ஆகவே, எப்போது முடிவு செய்தேன் என்று நீங்கள் கேட்டால், அன்றைக்குத்தான். நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தபோதே மற்றதும் முடிவாகிவிட்டது.

வந்தவள் வீப்கே. வடக்கு ஜெர்மனியில் ஏதோ ஒரு மழை ஊர். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள். ஆனால் எலோடி போல மறதிக்காரி இல்லை. ஷேன் சொல்லியிருப்பான் போல. வெளியே போகுமுன் பூசுவாள், போய்ச் சேர்ந்ததும் பூசுவாள், தண்ணீரிலிருந்து ஏறியதும் துடைத்துவிட்டு மறுபடி பூசுவாள். காதுமடல், கால்விரல் இடுக்கு, ஓர் இடம் விடமாட்டாள். டோபி அவளுக்கு "வீபி" என்று பெயர் வைத்துவிட்டான். காலையில் கண் விழித்ததும் முதலில் அந்தப் பெயர்தான். எனக்கு இரண்டாவது அழைப்பு. பால் வேண்டுமென்றால் பால் இரண்டாவது, நான் மூன்றாவது.

அவள் மறக்கமாட்டாள் என்று ஆனபிறகு வேறு வழி இல்லை. கடற்கரைப் பையில் இருந்த சன்ஸ்கிரீன் பாட்டிலைத் தொட்டியில் கொட்டிக் கழுவி, அதில் குளியலறையில் இருந்த சாதாரண உடம்பு லோஷனை ஊற்றி வைத்தேன். ஓட்ஸ் கலந்தது, நல்ல ரகம். அதே வெள்ளை, அதே பதம். தோலுக்கு நல்லதுதான் அது. வெயிலை மட்டும் தடுக்காது.

முதல் தடவை வீட்டுக்குப் பின்னால் விளையாடியபோது லேசாகச் சிவந்தது. வீப்கே குழம்பிப்போனாள். "நான் பூசினேனே, இமொஜென். நீங்ககூடப் பாத்தீங்களே," என்றாள். "இன்னும் கொஞ்சம் தாராளமாப் பூசும்மா. இது உங்க ஊர் வெயில் இல்ல," என்றேன். பாவம், அதற்கப்புறம் அவள் தன் சொந்த லோஷனைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆஸ்திரேலிய வெயிலுக்கு ஆஸ்திரேலிய மருந்துதான் சரி என்று அதே பாட்டிலிலிருந்தே தானும் பூசிக்கொண்டாள். இதை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஜனவரியில் டோபியின் சிநேகிதனுக்குக் கடற்கரையில் பிறந்தநாள். டோபியின் நீச்சல் சட்டை, கழுத்திலிருந்து மணிக்கட்டுவரை மூடும் சட்டை, எங்கே என்று வீப்கே தேடினாள். "தொவைக்கப் போட்டிருக்கேன். லோஷன்தான் இருக்கே, போதும். நல்லா விளையாடட்டும், அவசரப்பட்டுக் கூட்டிட்டு வராதே," என்றேன். சட்டை என் கார் டிக்கியில் இருந்தது.

என் கணக்கு இதுதான்: நன்றாகச் சிவக்கும், ஓர் இரவு அழுவான், நான் தூக்கி வைத்துக்கொள்வேன், மறுநாள் ஷேனுக்கு ஃபோன். இதில் கொடூரம் எங்கே இருக்கிறது? வெயில் எல்லோர் மேலும்தான் அடிக்கிறது.

நான் அன்றைக்கு ஒரு வீட்டை நல்லபடியாக விற்றேன். திரும்பி வந்தபோது டோபி கூடத்துத் தரையில் குப்புறக் கிடந்தான். அழக்கூட இல்லை, முனகினான். முதுகில் ஈரத்துண்டு, அதன் ஓரமெல்லாம் கொப்புளம். நரெல் இன்னொரு ஈரத்துண்டோடு நின்றாள். டங்கன் அந்த வாரம் வீட்டில்தான் இருந்தான். வீப்கேயைப் பார்த்து, "கண்ணு பொட்டையா உனக்கு? மூணு வயசுப் பிள்ளைடி அது! படுத்துத் தூங்கிட்டியா?" என்று கத்திக்கொண்டிருந்தான். அவள் சுவரோரம் நின்று, "பூசினேன், நாலு தடவை பூசினேன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் குனிந்து டோபியைத் தூக்கப் போனேன். தொட்டதும் அலறினான். தூக்க முடியவில்லை. அதுதான் எனக்கு ஏமாற்றம்.

மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருத்தி ஈரத்துணியை மெதுவாக எடுத்தாள். முதுகின் நடுவே ஒரு மீன் இருந்தது. சுற்றிலும் வெந்த சிவப்பு. மீன் மட்டும் வேகாத வெள்ளை. வால், செதில், ஒரு கண்கூட.

"இது என்ன?" என்றாள் டாக்டர்.

வீப்கேதான் சொன்னாள். விருந்துக்கு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் களிம்புக் குச்சியால் படம் வரைந்தாளாம். கிரிக்கெட் வீரர்கள் வெயிலுக்கு உதட்டில் பூசிக்கொள்கிறார்களே, அந்தக் களிம்புதான், நீல நிறத்தில்; நிறம் ஈரத்துணியோடு போய்விட்டிருந்தது. மற்ற பிள்ளைகள் கன்னத்தில் வரையச் சொன்னார்களாம். டோபி மட்டும் முதுகில் கேட்டானாம். பின்னால் யார் வருகிறார்கள் என்று மீன் பார்த்துக்கொள்ளும் என்று சொன்னானாம்.

"களிம்பு பட்ட இடம் நல்லா இருக்கு. மத்த இடத்துல என்ன பூசினே?" என்று டாக்டர் கேட்டாள். வீப்கே பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினாள். நீட்டியபோது அவள் சட்டை விலகியது. அவள் தோளிலும் கொப்புளங்கள். அதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அசடு.

டங்கன் பாட்டிலை வாங்கி உள்ளங்கையில் கொஞ்சம் அழுத்தி மூக்கருகே கொண்டுபோனான். என் பிழை அங்கேதான். இந்த ஊரில் பிறந்தவனுக்குச் சன்ஸ்கிரீன் மணம் தாய்ப்பால் மணத்துக்கு அடுத்தது. கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். வெளியூர்ப் பெண்ணுக்குத்தான் தெரியாது. நான் அவளை மட்டும் நினைத்து அந்தப் பாட்டிலை நிரப்பியிருந்தேன், அவனை நினைக்கவில்லை. அவனை எப்போது நினைத்தேன்?

அவன் கையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "இது நம்ம குளியலறை வாசனை, இமொ," என்றான். கத்தவில்லை. பிறகு வீப்கேயின் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டு அழுதான். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும்.

ஆகவே, ஆமாம். பாட்டிலை மாற்றியது நான். சட்டையை ஒளித்தது நான். நேரமாகட்டும் என்று சொன்னதும் நான். என் பிள்ளையை நான் வெயிலில் வேகவிட்டேன். ஆனால் அலட்சியத்தால் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அலட்சியக்காரர்களோடு என்னைச் சேர்க்க வேண்டாம்.

டோபி இப்போது டங்கனிடம் இருக்கிறான். வீப்கே ஊருக்குத் திரும்பவில்லையாம், அவர்கள் வீட்டிலேயே இருக்கிறாளாம். டங்கன் கடைசியில் பெவர்லியிடமே போய்விட்டான், அவள் ஏற்பாடு. எனக்கு வாரம் ஒருமுறை, கண்காணிப்பில், அந்த மஞ்சள் சுவர் அறையில் அவனைக் காட்டுகிறார்கள். போன வாரம் நீலக் களிம்புக் குச்சி ஒன்று வாங்கிப் போனேன். மீன் வரையட்டுமா என்று கேட்டேன். அவன் சட்டையைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு, கண்காணிக்க உட்கார்ந்திருக்கும் பெண்ணின் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்தான். ஜோசி என்று பேர். இருபத்திரண்டு வயது இருக்கலாம். "அம்மா பாவம்ல, ஹலோ சொல்லு செல்லம்," என்று அவன் தலையைத் தடவினாள். அவன் அவள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

என் மேல் அவனுக்கு வெறுப்பு ஒன்றும் இல்லை. குழந்தைகள் அப்படித்தான், கிடைத்தவர்களிடம் ஒட்டிக்கொள்வார்கள். நடுவில் நிற்கிறவர்கள் விலகினால் தானாகவே அம்மாவிடம் வருவார்கள். ஒருமுறை வந்தானே.

ஜோசியை எந்த நிறுவனம் அனுப்புகிறது என்று விசாரித்து வைத்திருக்கிறேன்.